தோளும் உழைப்பும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

தமிழிலக்கியப் பரப்பிலே தோள் என்பது பெருமைக்குரிய ஓர் உறுப்பாகும். சங்கச் செய்யுட்களில் வேந்தனின் தோள் வெற்றியையும் தலைவியின் தோள் அழகையும் குறித்து நின்றன. இராமனது தோளழகைக் கம்பன் பாடியமை யாவரும் அறிந்ததொன்று. உப்பு வணிகரான உமணரும், அவர்தம் வண்டிகளும் எருதுகளும் சங்கப் பாடல்களில் இடம்பெற்றுள்ளமை உண்மையே. எனினும், உப்புச் சுமந்து உயர்த்த முடியாதுபோன தோளைப்பற்றியோ, வலையிழுத்து நீட்ட முடியாதுபோன முழங்கையைப்பற்றியோ ஏட்டிலக்கியம் பேசுவது அரிது.

இவ்விடைவெளி இலக்கியத்துக்கு மாத்திரம் உரியதன்று. தோள், முழங்கை ஆகிய மூட்டுக்களுக்கு ஏற்படும் காயங்களையும் அவற்றுக்கான சிகிச்சையையும் பற்றிய மருத்துவ வரலாற்றிலும் இதனைக் காணலாம். இத்துறை அறிவின் பெரும்பகுதி உழைப்பாளரின் உடலிலிருந்தே பெறப்பட்டது. ஆயின் அவ்வறிவின் பெயரும் பயனும் வேறிடம் சென்றன. இதனைப் புத்தள மாவட்டக் கரையோரத்தைக் களமாகக் கொண்டு எடுத்துக்காட்டுவதே எமது நோக்கமாகும்.

2

புத்தளக் கரையோரம் பற்றிய எழுத்துச் சான்றுகள் பொருள்களையே முதன்மைப்படுத்துவன. 1344 ஆம் ஆண்டு இக்கரையில் இறங்கிய இபின் பதூதா, கரையிலே குவிந்து கிடந்த கறுவா மரங்களைக் குறிப்பிட்டார். ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரையான காலத்திற் கற்பிட்டியிற் கோட்டை கட்டினர். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபோது, கண்டி இராச்சியம் தனது உப்புத் தேவையிற் பெரும்பகுதிக்கு அவர்களிடத்துத் தங்கிநிற்க வேண்டியதாயிற்று. புத்தளம், சிலாபம் ஆகியவற்றின் உப்பு அரசியல் ஆயுதமாயிற்று. பின்வந்த பிரித்தானியர் உப்பை அரசின் தனியுரிமையாக்கி வருவாய் பெருக்கினர். இவ்வாறு கறுவாவும் உப்பும் கருவாடும் கணக்கேடுகளில் ஏறின. அவற்றைத் தூக்கியவனின் தோள் எக்கணக்கிலும் ஏறவில்லை.

இக்கரையோரத்தின் உழைப்பு வடிவங்களுள் இரண்டினை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று, பாலாவி முதலிய இடங்களின் உப்பள உழைப்பு. மற்றையது, உடப்பு முதலிய கடற்கரைக் கிராமங்களின் கரைவலை உழைப்பு. முன்னையது வடகீழ்ப் பருவமழைக்கு முன்னரான வெயிற் காலத்தில் உச்சம் பெறுவது. பின்னையது தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து மேற்குக் கடல் அமைதியுறும் மாதங்களுக்கு உரியது. முன்னையதிற் கூலியும் பின்னையதிற் பங்கும் ஊதியமாகும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலானோர் புத்தள மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். காணியும் தோணியும் கடையும் இழந்து வந்தோருட் பலருக்கு எஞ்சிய உடைமை தம் உடல்வலு ஒன்றே. தோட்டங்களிலும் உப்பளங்களிலும் அவர்கள் நாட்கூலிகளாயினர். உற்பத்திச் சாதனங்களை இழந்தவன் தன் உழைப்புச் சக்தியை விற்கிறான் என்னும் பொதுவிதி, இக்கரையில் ஒரு சில மாதங்களுள்ளேயே நடந்தேறியது.

3

தோள்மூட்டு மனித உடலின் மூட்டுக்களுள் மிகக் கூடிய அசைவுடையது. தோட்பட்டை என்பிலுள்ள குழி ஆழமற்றது. சிறு தட்டின்மேல் வைத்த தேசிக்காயைப்போலப் புயவென்பின் தலை அதன்மீது அமைந்துள்ளது. அதனை நிலைநிறுத்துவதிற் பெரும்பங்கு கொள்வன நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களுமாகும். கையை எத்திசையிலும் வீசுதற்காக இம்மூட்டு உறுதியை விட்டுக்கொடுத்துள்ளது எனலாம். அவ்விட்டுக்கொடுப்பின் விலையை அதிகம் செலுத்துபவர் கையை ஓயாது பயன்படுத்துவோரே.

தலையில் வைத்த உப்புக்கூடையை ஒருகையால் உயர்த்திப் பிடித்து நடக்கும்போது, தோளின் மேற்புறத் தசைநாண் தோட்பட்டையின் கூரைபோன்ற முனையின் கீழே மீண்டும் மீண்டும் பாரமேற்கிறது. பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரும்போது, மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் இறுகுகின்றன. அவை தொடங்கும் இடமோ முழங்கையின் வெளிப்புற என்புமுனை. ஆகவே உழைப்பு கையில் நடப்பினும் வலி முழங்கையிற் பிறக்கும். கரைவலையின் கயிற்றை இழுப்போன் தன் உடற்பாரத்தைப் பின்னோக்கிச் சாய்க்கும்போது, கடல் முன்னோக்கி இழுக்கிறது. அவ்விரு விசைகளுக்கும் இடையிலே தோள் நிற்கிறது.

இவ்விடத்திலேதான் இலக்கிய மாணவரான நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள் உடப்பில் நெடுங்காலம் வழங்கிவந்துள்ளன. ஒருவர் எடுத்துக்கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவது அவற்றின் அமைப்பு. 1896 இற் கார்ல் பியூச்சர் உழைப்பையும் தாளத்தையும் இணைத்து ஆராய்ந்தார். பேராசிரியர் கைலாசபதியின் ஆசிரியரான ஜோர்ஜ் தொம்சன், கவிதையின் தோற்றத்தை உழைப்பின் தாளத்திற் கண்டார். இக்கருத்தை நாம் உடலியலோடு சேர்த்து நோக்கலாம். அம்பாவின் தாளம் எல்லோரது இழுப்பையும் ஒரே கணத்தில் விழச்செய்கிறது. பாரம் பலதோள்களிற் பகிரப்படுகிறது. தாளம் தவறி இழுப்பவனே திடீர் அதிர்வைத் தனித்துத் தாங்க நேரிடும். எனவே அம்பா களைப்பை மறப்பிக்கும் பாடல் மாத்திரமன்று. அது தோளைக் காக்கும் ஒரு கூட்டு ஏற்பாடுமாகும். உழைக்கும் மக்கள் தம் உடல்பற்றிப் பெற்ற அறிவு, நூலாக அன்றிப் பாடலாக நிலைத்தமைக்கு இது சான்று.

4

காயமுற்ற தோளுக்கு இக்கரையில் முதலிற் கிடைத்த சிகிச்சை முறிவு நெரிவு வைத்தியமே. இலங்கையின் தமிழ், சிங்கள, முஸ்லிம் மக்களிடையே குடும்பவழியாகப் பேணப்பட்ட இவ்வைத்தியத்தின் பின்னணியில் நீண்ட மரபு உண்டு. சுசுருத சங்கிதை முறிவை 12 வகையாகவும் மூட்டு விலகலை 6 வகையாகவும் பாகுபடுத்துகிறது. தோள்மூட்டு விலகின் அக்குளின் கீழே உலக்கையைக் கொடுத்து உயர்த்திப் பொருத்தி, குறுக்குமறுக்காகக் கட்டவேண்டும் என்பது அதன் விதி. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுக்கள் பற்றிய நூலும், அக்குளில் உலக்கையைக் கொடுக்கும் ஒரு முறையை விவரிக்கின்றது. அறுவடைத் தானியத்தைக் குற்றிய கருவியே இரு நாகரிகங்களிலும் விலகிய தோளை ஏற்றும் கருவியுமாயிற்று. உள்ளங்கை முறிவிலிருந்து தேறுபவன் முதலில் மண்ணுருண்டையையும், பின்னர் உப்புக்கட்டியையும், வலுவந்தபின் கல்லையும் பிடித்துப் பழகவேண்டும் என்றும் சுசுருதம் கூறும். பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் இன்றைய இயன்மருத்துவத்தின் தத்துவம் இதுவேயாகும்.

இம்மரபைப் போற்றுவது வேறு, புனிதப்படுத்துவது வேறு. முழங்கைக்கு மேலே என்பு முறிந்த சிறுவனின் கையை இறுக்கிக் கட்டினால், குருதியோட்டம் தடைப்பட்டுத் தசைகள் மடிந்து விரல்கள் நிரந்தரமாகச் சுருங்கிவிடலாம். இதனை 1881 இல் ஜேர்மனிய மருத்துவரான வொல்க்மன் விளக்கினார். கட்டியபின் விரல்கள் நீலம் பாரித்தால், மரத்தால், விரல்களை நிமிர்த்துகையில் வலி பொறுக்க முடியாததானால், அக்கட்டைத் தாமதமின்றித் தளர்த்தி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். புதிதாகக் காயமுற்ற முழங்கையைப் பலமாக உருவுவதும் தசையினுள் என்பு வளர ஏதுவாகலாம். பழையவை யாவும் மக்களுடையன, ஆகவே நல்லன என்னும் வாதம் மக்களுக்கு நன்மை செய்யாது.

நவீன அறிவு தமிழில் வரமுடியாதது என்பதும் பொய்யே. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவராகப் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன், 1867 இல் 'இரணவைத்தியம்' என்னும் சத்திரசிகிச்சை நூலையும், 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலையும் தமிழில் வெளிக்கொணர்ந்தார். மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆயின் 1870 இல் நிறுவப்பட்ட கொழும்பு மருத்துவப் பள்ளியின் மொழி ஆங்கிலமாயிற்று. குடியேற்ற ஆட்சியில் மருத்துவம் மத்தியதர வர்க்கத்தின் ஆங்கிலவழித் தொழிலாக வளர்ந்தபோது, உப்பளத் தொழிலாளிக்கும் அவனது மூட்டுப் பற்றிய அறிவுக்கும் இடையே ஒரு மொழிச்சுவரும் எழுந்தது. முறிவு நெரிவு வைத்தியனிடம் அவன் சென்றமைக்கு நம்பிக்கை மட்டுமன்றி, அண்மையும் செலவும் மொழியும் காரணங்களாகும்.

5

மேலைநாட்டு என்பியல் மருத்துவமும் உழைப்பாளரின் உடலிலேயே வளர்ந்தது. அதன் முன்னோடியான ஹியூ ஓவன் தோமஸ் (1834-1891) வேல்சிய முறிவு வைத்தியர் பரம்பரையில் வந்தவர். லிவர்பூல் துறைமுகத் தொழிலாளரிடையே பணியாற்றியவர். அவரிடம் பயின்ற மருமகன் றொபேட் ஜோன்ஸ், மான்செஸ்டர் கப்பற் கால்வாயை வெட்டிய ஆயிரக்கணக்கான தொழிலாளருக்காகக் கால்வாய் நெடுகிலும் வைத்தியசாலைகளை ஒழுங்கமைத்து விபத்துச் சேவையை உருவாக்கினார். அச்சேவையின் அனுபவம் முதலாம் உலகப் போரிற் காயமுற்ற படைவீரருக்குப் பயன்பட்டது. அமெரிக்காவில் எர்னஸ்ட் கொட்மன் தோளின் கிழிந்த தசைநாணைத் தைத்த அனுபவத்தை 1911 இல் வெளியிட்டார். 1934 இல் தோள் பற்றிய பெருநூலை எழுதினார். உடலுழைப்பாளரிடையே காணப்பட்ட கிழிவுகள் அவரது கவனத்துக்குரியனவாயின. சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து, முடிவில் அவர் குணமடைந்தாரா என அறிதல் வேண்டும் என்று அவர் வாதாடியமை மருத்துவமனை நிருவாகங்களுக்கு உவப்பாயிருக்கவில்லை.

எனினும் பெயர்சூட்டும் அதிகாரம் உழைப்பாளரிடம் இருக்கவில்லை. முழங்கையின் வெளிப்புற வலியை 1873 இல் ஜேர்மனிய மருத்துவரான றுங்கே, எழுதுவோரின் கைப்பிடிப்புப் பற்றிய கட்டுரையில் விவரித்தார். 1882 இல் ஆங்கில மருத்துவ ஏடொன்று புற்றரை டெனிஸ் ஆடுவோரின் கைவலியாக இத்தகையதொன்றை அறிமுகஞ் செய்தது. அன்றுதொட்டு அது 'டெனிஸ் முழங்கை' ஆயிற்று. இந்நோயுடையோருட் பெரும்பாலானோர் டெனிஸ் ஆடாதவர்கள். டெனிஸ் மட்டையைத் தொட்டறியாத உப்பளத் தொழிலாளியின் நோயும் ஓய்வுபெற்ற வர்க்கத்தின் விளையாட்டுப் பெயராலேயே சீட்டில் எழுதப்படுகிறது. பெயர் வெறும் பெயரன்று. நோயின் காரணத்தை எங்கே தேடவேண்டும் என்பதை அது சுட்டுகிறது. சர்வதேசத் தொழில் தாபனம் 2010 இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலிலே, திரும்பத்திரும்பப் பலமாகச் செய்யப்படும் வேலையால் வரும் நோயாக இது இடம்பெற்றுள்ளது. 1882 இலிருந்து கணக்கிட்டால் இதற்கு 128 ஆண்டுகள் சென்றன. தோளின் தசைநாண் நோய்க்கோ அப்பட்டியலில் தனிப்பெயர் கிடைக்கவில்லை.

6

அண்மைக்கால ஆய்வுகள் எமது வாதத்தை வலுப்படுத்துகின்றன. 1972 இல் சார்ள்ஸ் நீர், தோட்பட்டை முனை தசைநாணை நெரிப்பதே வலிக்குக் காரணமென விளக்கியதன் பின்னர், அம்முனையைச் செதுக்கும் சத்திரசிகிச்சை உலகெங்கும் பரவியது. பிரித்தானியாவிலும் பின்லாந்திலும் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான இரு ஆய்வுகள், என்பைச் செதுக்காது உள்நோக்கியை மாத்திரம் செலுத்திய போலிச் சிகிச்சையை விட இது குறிப்பிடத்தக்க நன்மை தரவில்லை எனக் கண்டன. முழங்கை வலிக்கு ஏற்றப்படும் ஸ்டெரொயிட் ஊசி முதற் சில வாரங்களில் வலியைத் தணிப்பினும், ஓராண்டின் முடிவில் ஊசி பெற்றோரே குறைவாகக் குணமடைந்திருந்தனர் என 2013 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. பெரும்பாலான முழங்கை வலிகள் ஓராண்டளவில் தணிவன. பாரத்தைக் குறைத்தலும் படிப்படியான பயிற்சியுமே இவ்விரு நோய்களுக்கும் முதன்மைச் சிகிச்சைகளாகும்.

ஆயின் நாட்கூலிக்காரனுக்குப் பாரத்தைக் குறைத்தல் என்பதன் பொருள் யாது? அது கூலியைக் குறைத்தலாகும். நாளை வேலைக்குப் போகவேண்டியவன் இன்று ஊசியைக் கேட்கிறான். ஊசி வலியை மறைக்க, வலியின் காரணமான வேலைக்கே அவன் மீள்கிறான். இங்கு தோல்வியுறுவது மருந்தன்று. மருந்தைப் பயன்படுத்தும் சமூக உறவே.

சட்டமும் இவ்வுறவுக்குப் புறம்பானதன்று. இந்தியாவின் 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடக்க அட்டவணை, முழங்கையில் அல்லது அதற்கு மேலே வலக்கையை இழந்தவனின் உழைப்பாற்றல் இழப்பை 70 விழுக்காடாகவும் இடக்கையை இழந்தவனுடையதை 60 விழுக்காடாகவும் மதித்தது. இலங்கையில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், கொட்மனின் நூல் வெளியான அதே 1934 இல் இயற்றப்பட்டது. தொழிலாளர் பெற்ற முக்கிய உரிமைகளுள் ஒன்று அது. எனினும் அதன் அடிப்படை, முதலாளி-வேலையாள் உறவும் வேலையின்போது நிகழும் விபத்துமாகும். இருபது ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத் தேய்ந்த தசைநாணுக்கு விபத்து நடந்த திகதி இல்லை. பங்குக்கு வலையிழுப்பவனோ தன்னை வேலையாள் என நிறுவுவதே கடினம். சம்மாட்டி அவனுக்குக் கொடுப்பது கூலியன்று, பங்கு என்றே கொள்ளப்படும்.

அண்மைக் காலத்தில் இலங்கைக் கரைகள் பலவற்றில் உழவியந்திரத்திற் பொருத்திய சுழல் உருளையால் கரைவலை இழுக்கப்படலாயிற்று. தோளின் பாரத்தை இயந்திரம் ஏற்பதை நாம் வரவேற்கலாம். ஆயின் இயந்திரம் சம்மாட்டியின் உடைமையாயிருக்கும்வரை, தோளோடு தோளுக்குரியவனின் பங்கும் விடுவிக்கப்படுகிறது. நோகாத தோளும் வேலையற்ற கையும் ஒரே மனிதனுடையனவாகின்றன. இம்முரண்பாட்டுக்கு மருத்துவத்தில் மாத்திரம் தீர்வு தேடமுடியாது.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துக்களை வற்புறுத்துகிறோம். முதலாவதாக, தோள், முழங்கை நோயுடன் வருவோரின் தொழிலையும் அவர்கள் செய்யும் அசைவையும் வைத்தியசாலைப் பதிவுகள் குறித்தல் வேண்டும். காரணம் எழுதப்படாத நோய்க்குப் பொறுப்பாளரும் இல்லை. இரண்டாவதாக, முறிவு நெரிவு வைத்தியர்களை ஏளனஞ் செய்யாமலும் வழிபடாமலும், ஆபத்தின் அடையாளங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் அவர்களோடு பகிர்ந்துகொள்ளும் பணி நடைபெறுதல் வேண்டும். கிறீன் தொடங்கிய தமிழ் மருத்துவ எழுத்து அதற்குத் துணையாகும். மூன்றாவதாக, படிப்படியான தேய்வையும் தொழிற் காயமாக ஏற்று, பங்குத் தொழிலாளரையும் உள்ளடக்கும்வகையிற் சட்டம் விரிவடைதல் வேண்டும். இதனை மீனவர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கோரிப் பெறவேண்டியிருக்கும்.

அம்பாப் பாடலைச் சேகரிக்கச் செல்லும் எமது மாணவர் பாடலின் சொற்களோடு, அதைப் பாடியவர் கையை எவ்வளவு உயரத்துக்கு உயர்த்த முடிகிறது என்பதையும் குறித்துவருவாராயின், நாட்டார் வழக்காற்றியல் உழைக்கும் மக்களுக்குப் பட்ட கடனில் ஒரு பகுதியாவது தீரும்.