மேஸ்திரி, கமிட்டி, காண்ட்ராக்ட்

பேரிகையில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் பேசினாலும் 'மேஸ்திரி' மட்டும் மாறுவதில்லை. போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல். கொத்து வேலைக்கு மட்டுமல்ல, பழைய நூற்பாலையில் ஆள் சேர்த்து, கையூட்டு வாங்கி, அதட்டி வேலை வாங்கியவனுக்கும் அதுதான் பெயர். இன்றைய சூப்பர்வைசர் பயிற்சிகளில் அவனுக்கு இடமில்லை. அங்கே தலைமைப் பாணி மூன்று: ஆணையிடுவது, கலந்துபேசுவது, போக்கில் விடுவது. எப்ப எது? ஆளைப் பாத்து, வேலையப் பாத்து என்கிறார்கள். இந்தப் 'பார்வை'க்கு ஒரு வரலாறு உண்டு.

வகைப்பாடு 1939இல் வெளியான ஆய்விலிருந்து வருகிறது. 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய கர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் ஆகியோருடன் அமெரிக்காவின் அயோவாவில் பத்து வயதுப் பையன்களை வைத்து நடத்திய சோதனை அது. பையன்கள் முகமூடி செய்தார்கள். அதட்டிய தலைவர் வெளியே போனதும் வேலை படுத்தது. கலந்துபேசியவர் போன பிறகும் நடந்தது. பாசிசத்திடமிருந்து தப்பியவருக்கு இது ஜனநாயகம் பற்றிய கேள்வி. நிர்வாகவியல் அதை உற்பத்தி பற்றிய கேள்வியாக மாற்றிக்கொண்டது. அந்தப் பையன்களுக்குக் கூலியில்லை, பிடிக்கலேன்னா வீட்டுக்குப் போயிடலாம். பாடப்புத்தகம் இதைத்தான் மறந்துவிடுகிறது.

நம்மிடம் வேறொரு சோதனைக்கூடம் இருந்தது: சென்னையின் பக்கிங்காம் – கர்னாடிக் ஆலைகள். பின்னி நிர்வாகத்தை வெறும் கொடுங்கோல் என்று சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடம், மருந்தகம், குடியிருப்பு எல்லாம் கட்டிக்கொடுத்த நிர்வாகம். அதே ஆலைக்குள் வெள்ளை அதிகாரியின் வசவும் அடியும், சாப்பிடப் போதாத மதிய இடைவேளையும் இருந்தன. அணைப்பும் அதட்டலும் இரண்டு பாணிகள் அல்ல, ஒரே உடம்பின் இரண்டு கைகள் எனலாம். தொழிலாளிகள் தங்கள் குறையைச் சொன்னது செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு என்ற இரண்டு வணிகர்களிடம். அவர்கள் போய் அழைத்துவந்தவர் அன்னி பெசன்ட்டின் சகாவான பி. பி. வாடியா. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் அதில் இருந்தார். நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்க 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர், எம். சி. ராஜா அவர்களை விலகி நிற்கச் சொன்னார். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இதைக் 'கருங்காலித்தனம்' என்று முடித்துவிடுகிற இடதுசாரி வரலாறு எனக்கு உடன்பாடில்லை. சேமிப்போ நிலமோ இல்லாதவனிடம், சேரிக்குள் கால்வைக்காத சங்கம் என்ன ஒற்றுமையைக் கேட்க முடியும்? 'ஆளைப் பாத்து' என்பது இங்கே சாதியைப் பார்த்து என்றும் பொருள்படும். அந்தப் பிளவில் ஆதாயம் கண்டது ஆலைதான்.

தோல்விக்குப் பிறகு, 1922இல், அதே ஆலையில் தொழிலாளர் பிரதிநிதிகளோடு கமிட்டி வந்தது. இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்கமிட்டிகளில் ஒன்று. சங்கம் நொறுங்கிய பின்னால் வந்த கலந்துபேசல் இது என்பதைக் கவனிக்க வேண்டும். 1947 தொழில் தகராறுச் சட்டம் நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளுக்கு இதைப் பொதுவாக்கியது. காகிதத்தில் என்றாலும், கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. நான் அதை ஏளனம் செய்யமாட்டேன்.

1969இல் ஹெர்சி, பிளான்சார்ட் இருவரும் சூழலுக்கேற்ற தலைமை என்றார்கள்: தொழிலாளியின் 'முதிர்ச்சி'யை அளந்து பாணியைத் தேர்ந்தெடு. புதுசா வந்தவனுக்குச் சொல்லித்தரணும், தேர்ந்தவனை விட்டுடணும் என்ற அளவில் இது நியாயம்தான். லேத் மிஷின் முன்னால் நின்றவர் எவரும் மறுக்கமாட்டார். ஆனால் அளவுகோல் யார் கையில்? மேலாளரின் முதிர்ச்சியை அளக்கும் படிவம் எதுவும் அச்சாகவில்லை.

மூன்றாவது பாணிக்கு, அதாவது போக்கில் விடுவதற்கு, இன்று காண்ட்ராக்ட் என்று பெயர். பேரிகையிலிருந்து மாலூர் வழியாகப் போனால் கோலார் மாவட்டத்து நரசாபுரம். அங்கே ஐபோன் செய்த விஸ்ட்ரான் ஆலையை 2020 டிசம்பர் 12 அன்று தொழிலாளர்கள் உடைத்தார்கள். பெரும்பாலோர் ஒப்பந்த ஆட்கள். பன்னிரண்டு மணிநேர ஷிப்ட், குறைந்தும் தாமதித்தும் வந்த சம்பளம். ஐயாயிரமாக இருந்த ஆட்கள் கொஞ்ச காலத்தில் பத்தாயிரத்து ஐந்நூறு ஆனார்கள்; அதற்கேற்ப பணியாளர் பிரிவு வளரவில்லை என்றது அரசு விசாரணை. கண்ணாடிகள் நொறுங்கிய ஒரு வாரத்தில், சிலருக்குச் சம்பளம் சரியாகவோ நேரத்திலோ போகவில்லை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது; ஒரு துணைத்தலைவரை நீக்கியது. 2023இல் ஆலை டாடாவிடம் போனது. பெரம்பூர்க்காரனுக்குக் குறையைச் சொல்ல 1918இல் இரண்டு கடைக்காரர்களாவது இருந்தார்கள்.