ஸ்டீரியோ பேஸ் கிதாரும் பிரீஆம்ப் தேர்வும்

ஸ்டீரியோ பேஸ் என்பது, கழுத்துப்புறப் பிக்கப்பும் பிரிட்ஜ்புறப் பிக்கப்பும் தந்தியதிர்விலிருந்து பெறும் சமிக்ஞைகளை வாத்தியத்துக்குள்ளேயே கலந்துவிடாமல், இரு வழியாக வெளியே அனுப்பும் மின்கிதார் வகை. அமெரிக்காவின் ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1961-இல் அறிமுகப்படுத்திய 4001 வரிசையில் காணப்படும் ‘ரிக்-ஓ-சவுண்ட்’ ஜாக் இதற்குப் பிரசித்தமான உதாரணம். அதில் சாதாரண மோனோ கேபிளைச் செருகினால் ஒரு பிக்கப்பின் நாதம் அடியோடு மறைந்துவிடுமாதலால், மூன்று தொடுமுனைகளுள்ள பிளக்கில் தொடங்கி இரண்டாகப் பிரியும் கேபிள் அவசியம்.

இவ்விரு வழிகளுக்கும் தனித்தனியே பிரீஆம்ப், அதாவது முன்பெருக்கி, தேவைப்படுகிறது. பிரீஆம்பைத் தனியே பரீட்சித்து, இது உத்தமம், அது மத்திமம் என்று தரம் பிரிப்பது ஒற்றைச் சமிக்ஞைக்குப் பொருந்துமே தவிர, இரண்டு ஒருங்கே இயங்க வேண்டிய இடத்தில் அவற்றின் பரஸ்பர இணக்கமே பிரதானமாகிறது. இரு பிக்கப்புகளும் பெறுவது ஒரே தந்தியின் அதிர்வு. ஆகையால் ஒரு பிரீஆம்ப் சமிக்ஞையின் துருவத்தைத் தலைகீழாக்கி, மற்றொன்று அப்படியே விடுமாயின், விநாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வுகள் கொண்ட கீழ் ஈ தந்தியின் கனம், ஒலிபெருக்கிகள் அருகருகே நிற்கையில், தன்னைத்தானே அழித்துக்கொண்டு தேய்ந்துவிடும். வால்வுச் சுற்றில் சாதாரணப் பெருக்கப் படி ஒவ்வொன்றும் துருவத்தை மாற்றும் இயல்புடையதாகையால், வெவ்வேறு தயாரிப்புகளை இணைக்கும்போது இவ்விபத்து சகஜமே. வாசிப்பவரோ பிரீஆம்பின் தொனியைப் பழிப்பாரேயன்றித் துருவத்தைச் சந்தேகியார். துருவம் மாற்றும் சுவிட்ச் ஒரு பக்கத்திலாவது இருப்பது, அலங்காரமான பல குமிழ்களைவிடப் பிரயோஜனமானது.

பேட்டரியில்லாப் பிக்கப்புகளுக்குப் பிரீஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பு சுமார் 10 லட்சம் ஓம் இருத்தல் வழக்கம். மிகவும் குறைந்தால் மேல்ஸ்தாயி மங்கிப்போகும்.

இணக்கத்தை நாடுவோர்க்கு எளிய மார்க்கம், இரு சானல்களும் ஒரே பெட்டிக்குள் அமைந்த வால்வுப் பிரீஆம்ப். ஃபெண்டர் ஆம்ப்ளிஃபையர்களின் சுற்றைத் தழுவி எழுந்த அலெம்பிக் எஃப்-2பி அத்தகையது. வேற்றுமையை விரும்புவோர்க்கு முன்னோடி பேஸ் கலைஞர் பில்லி ஷீஹன்: இரு வெளியீட்டு ஜாக்குகள் கொண்ட யமஹா ஆட்டிட்யூட் பேஸில், கழுத்துப்புறப் பிக்கப்பின் கீழ்நாதத்தைத் தெளிவாகவே விட்டு, மற்றதை டிஸ்டார்ஷனில் ஆழ்த்துவது அவர் யுக்தி. கனத்தைச் சிதைத்துவிட்டு உச்சத்தைச் சுத்தமாக வைத்திருப்பதில் லாபம் அரிது.

பழைய 4001 கிதார்களில் பிரிட்ஜ் பிக்கப்பின் வழியில் 0.0047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று குறுக்கிட்டு, கீழ்நாதத்தை முன்கூட்டியே குறைத்துவிடுகிறது. அதை நீக்காதவரை, அந்தப் பக்கத்துக்கென்று ஆழ்ந்த கீழ்நாதத்துக்குப் பேர்போன பிரீஆம்பை விலைகொடுத்து வாங்குவது வீண் செலவு.