குவா சா முதல் எஃகுக் கருவிகள் வரை

கருவித் துணை மென்திசுச் சிகிச்சை என்பது தசை, தசைநாண், மூட்டு வலிகளுக்காக, வழவழப்பான விளிம்புள்ள கருவியால் தோலின் மேல் அழுத்தி வழிக்கும் முறையாகும். எண்ணெயோ களிம்போ தடவிய பின்னரே வழிப்பர்.

இதன் தொடக்கத்தைக் கிரேக்க, உரோமானியர் பயன்படுத்திய 'ஸ்ட்ரிஜில்' என்னும் வளைந்த உலோகத் தகட்டில் காண்போர் உண்டு. ஆனால் அது உடற்பயிற்சிக்குப்பின் எண்ணெயையும் புழுதியையும் வழித்தெடுக்கவே முதன்மையாகப் பயன்பட்டது. அதை மருத்துவக் கருவி என்பது சற்று மிகையே.

தெளிவான முன்னோடி சீனாவின் 'குவா சா' ஆகும். 'குவா' என்றால் சுரண்டுதல். 'சா' என்பது சுரண்டியதும் தோலில் எழும் செம்புள்ளிகளையும், அவற்றின்வழி வெளியேறுவதாகக் கருதப்பட்ட நோயையும் குறிக்கும். சா நோய்களுக்கென்றே குவோ சீசூய் என்பவர் 1675-இல் தனி நூல் எழுதினார். நாணயம், பீங்கான் கரண்டி, எருமைக்கொம்பு ஆகியவையே கருவிகள். இந்தோனேசியாவில் இம்முறை 'கெரோகான்' எனப்படும். வியட்நாமில் இதன் பெயருக்குக் 'காற்றைச் சுரண்டுதல்' என்பது பொருள். வாயுப் பிடிப்பு என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இக்கருத்து புதிதன்று.

1975-இல் சைகோன் வீழ்ந்தபின் வியட்நாமிய அகதிகள் பெருமளவில் அமெரிக்கா சென்றனர். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் தாய் நாணயத்தால் வழித்துவிட்டு மருத்துவரிடம் கொண்டு சென்றால், முதுகிலிருந்த சிவந்த கோடுகள் அடித்த தழும்புகளாகத் தோன்றின. பெற்றோர்மீது குழந்தைக் கொடுமைச் சந்தேகம் எழுந்தது. இக்குழப்பத்தை விளக்கி 1976-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் கட்டுரை வெளிவந்தது. இத்தகைய வழக்கொன்றையே 2001-இல் வந்த 'குவா சா' என்ற சீனத் திரைப்படம் கதையாக்கியது. பேரனுக்குத் தாத்தா செய்த கைவைத்தியம் அதில் நீதிமன்றம்வரை செல்கிறது.

மேற்கத்திய மருத்துவம் வேறு வழியில் இங்கு வந்து சேர்ந்தது. இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் ஜேம்ஸ் சிரியாக்ஸ் (1904–1985), தசைநாணின் குறுக்கே விரலால் ஆழமாகத் தேய்க்கும் முறையைப் பரப்பினார். அதில் சிகிச்சையாளரின் விரல்கள் விரைவில் களைத்துவிடும். பின்னர் அமெரிக்கரான டேவிட் கிராஸ்டன், நீர்ச்சறுக்கில் காயமுற்ற தம் முழங்காலுக்காகக் கருவிகள் செய்யத் தொடங்கினார். 1990-களில் இண்டியானா மாநிலம் மன்சியில் அவை ஆராயப்பட்டு, ஆறு துருப்பிடிக்காத எஃகுக் கருவிகள் கொண்ட 'கிராஸ்டன் முறை' உருவாயிற்று. இதிலும் சிலருக்குத் தோல் சிவக்கும், கன்றிப்போகும். எனினும் இங்கே அது சிகிச்சையின் பக்கவிளைவு எனப்பட்டதேயன்றி, எவரும் ஐயுறவில்லை.

பயன் குறித்த சான்றுகள் கலவையானவை. 2009-இல் வெளியான எலி ஆய்வொன்றில், சிகிச்சை பெற்ற முழங்கால் இணைப்பிழை நான்காம் வாரத்தில் 43% கூடுதல் வலுவுடன் இருந்தது. பன்னிரண்டாம் வாரத்தில் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதாவது ஆறுதல் விரைவுபட்டதேயொழிய, முடிவு அதிகம் மாறவில்லை. மனிதரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டு மீளாய்வு, மூட்டின் அசைவெல்லை குறுகிய காலத்திற்குக் கூடுவதற்குச் சிறிது ஆதரவு கண்டது. வலி, காயங்களைக் குணமாக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் இச்சிகிச்சைக்கு முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.