தோம்பு, ஓலை, உறுதி: யாழ்ப்பாணக் காணி ஆவணங்களில் சாட்சியம் இடம்மாறிய வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய குடும்பமொன்றின் உறுதிக் கட்டை அவிழ்த்தால், மேலே நொத்தாரிசு கையொப்பமிட்ட தட்டச்சுப் பிரதி இருக்கும். அதன் கீழே மை மங்கிய கையெழுத்து உறுதிகள், மலாயாவிலிருந்து வந்த அற்றோணித் தத்துவம், நில அளவையாளர் வரைந்த படம், வரி கட்டிய பற்றுச்சீட்டுகள். சில வீடுகளில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஓலை நறுக்கும் கிடக்கும். இந்தக் கட்டுகளைக் காணிப் பதிவகத்தின் ஏடுகளோடும், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம் காத்துவரும் ஒல்லாந்தர் காலப் பதிவுகளோடும் சேர்த்து வாசித்தால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு மாற்றம் தெரியவரும். ஒரு காணி யாருக்கு உரியது என்று சொல்லும் அதிகாரம் அயலாரிடமிருந்து மெல்ல மெல்லக் கடதாசிப் பிரதிக்குக் கைமாறியது. அந்தக் கைமாற்றம் முழுமை பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். நொத்தாரிசு எழுதிய உறுதியும் அயலாரை நம்பியே நின்றது. அயலார் இல்லாமற் போன காலத்தில்தான் அது எவ்வளவு நம்பியிருந்தது என்பது புலப்பட்டது.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், காணிகளையும் அவற்றிலிருந்து வரவேண்டிய இறைகளையும் பதிவுசெய்யத் தொடங்கினர். 1645இல் அவர்கள் தயாரித்த வருமானப் பதிவை அடிப்படையாகக் கொண்டு பி. ஈ. பீரிஸ் 1920இல் ஒரு நூல் வெளியிட்டார். குடாநாட்டின் நிர்வாக அமைப்பை அறிய இன்றும் அது பயன்படுகிறது. 1658இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் இந்தப் பதிவு முறையைக் கைவிடவில்லை; தோம்பு என்னும் பதிவேடுகளாக விரித்து எழுதினர். குடும்பத் தலைவரையும் குடும்பத்தாரையும் குறித்த தலைத்தோம்பு ஒன்று, காணிகளைக் குறித்த காணித்தோம்பு ஒன்று. இவற்றுக்குப் புறம்பாக, கோயிற்பற்று என்னும் தேவாலயப் பிரிவுகளின் பாடசாலைகளில் உபாத்தியாயர் எழுதிவந்த பாடசாலைத் தோம்பில் ஞானஸ்நானமும் திருமணமும் பதியப்பட்டன.

தோம்பு வரிக்காக எழுதப்பட்டது. உரிமையை நிலைநாட்டுவதற்காக அன்று. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தோம்பில் ஒருவர் பெயர் இருந்தால் அக்காணிக்கு அவர் இறை கட்டக் கடமைப்பட்டவர் என்றுதான் அரசு கருதியது. ஆனால் வழக்கு என்று வந்தபோது அதே பதிவு உரிமைக்குச் சான்றாக நீட்டப்பட்டது. காணித்தோம்பு காணியைக் காட்டியது. பாடசாலைத் தோம்பு வாரிசைக் காட்டியது. வரி வாங்குவதற்காக எழுதிய ஏடு, வரி கொடுத்தவரின் கையில் உரிமைச் சான்றாக மாறியது. இந்த மாற்றத்துக்கு ஆள்வோரைவிட மக்களே காரணம் என்று எண்ணுகிறேன்.

இப்படி வழக்கம் மக்கள் கையில் மாறியதற்கு யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையின் தொகுப்பிலும் ஆதாரம் உண்டு. முப்பத்தேழு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து இங்குள்ள வழக்கங்களை அறிந்த ஒல்லாந்த அதிகாரியான திசாவை கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநர் சீமோன்ஸின் பணிப்பின் பேரில் அவற்றைத் தொகுத்து 1707 சனவரியில் கையளித்தார். அது தமிழாக்கப்பட்டு, பன்னிரு முதலிமாரின் பார்வைக்குச் சென்று ஒப்புதல் பெற்றது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதையே சட்டமாக ஏற்றனர். ஆதனம் மூன்று வகைப்பட்டது. பெற்றோர் வழி வந்தது முதுசம். பெண்ணுக்கு மணத்தின்போது கொடுத்தது சீதனம். மணவாழ்வில் ஈட்டியது தேடியதேட்டம். தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்வதே பழைய முறை என்றும், போர்த்துக்கேயர் காலத்திலிருந்து அந்த வரம்பு தளர்ந்து எந்த ஆதனத்திலிருந்தும் சீதனம் கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது என்றும் ஐசாக்ஸே எழுதிவைத்திருக்கிறார். வழமை என்றாலே அசையாதது என்று நினைப்போர் அந்தப் பகுதியை வாசிக்க வேண்டும். தொகுக்கப்பட்ட நாளிலேயே அது மாறிக்கொண்டிருந்தது.

சீதனத்துக்கு ஓலை எழுதப்பட்டது. ஆனால் ஓலை மாத்திரம் போதவில்லை. சீதனமாகப் பெற்ற காணியைப் பத்து ஆண்டுகளுக்குள் ஆட்சிக்கு எடுத்துக்கொள்ளாவிட்டால், ஓலை கையில் இருந்தாலும் உரிமை நழுவும். ஊர் பார்க்க உழுது, வேலி அடைத்து, பனையில் நுங்கும் ஓலையும் வெட்டினால்தான் அது மணப்பெண்ணுடைய காணி. விற்பனையிலும் இதே நோக்குத்தான். காணியை விற்க விரும்பியவர் தம் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்று ஒல்லாந்தர் காலத்தில் விதிக்கப்பட்டது. உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலில் வாங்கும் உரிமை இருந்தமையால் அவர்கள் காதில் செய்தி விழவேண்டியது கட்டாயம். தேவாலயத்தில் கூடியிருந்த ஊரார் அத்தனை பேரும் அந்த விற்பனைக்குச் சாட்சி. எழுத்து அந்தச் சாட்சியத்துக்கு நினைவூட்டலாகவே இருந்தது.

இந்த ஒழுங்கை மாற்றியது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம். அசையாத ஆதனம் தொடர்பான விற்பனை, நன்கொடை, ஈடு எதுவாயினும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுத்தில் அமையாவிட்டால் சட்டத்தில் செல்லாது. மூன்று ஞாயிறுகளில் ஊர் முழுவதும் கேட்ட இடத்தில் இப்போது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டனர். 1863இன் 8ஆம் இலக்கச் சட்டம் உறுதிகளைப் பதியும் முறையைக் கொண்டுவந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம்.

இங்கே இந்தியப் பதிவுமுறையிலிருந்து ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொண்டுபோய்ப் பதிந்தாலன்றி விற்பனை நிறைவேறாது. இலங்கையிலோ நொத்தாரிசு எழுதிய கணத்தில் உறுதி செல்லுபடியாகிறது. பதியாமல் விட்டால், அதே காணியைப் பின்னர் விலைகொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரிடம் முன்னுரிமையை இழக்க நேரும், அவ்வளவே. பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் தனிப் பக்கம் ஒதுக்கப்பட்டு, அக்காணி பற்றிய உறுதிகளின் விபரம் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறிக்கப்படும். பக்கம் நிரம்பினால் அடுத்த தொகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்ட குறிப்பு இருக்கும். நொத்தாரிசு ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காணிப் பதிவாளருக்கு அனுப்பி, மூலத்தை உரியவரிடம் கொடுப்பார். ஆக ஓர் உறுதி மூன்று இடங்களில் வாழ்கிறது. இந்த ஏற்பாட்டின் அருமை நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

இனி உறுதியின் உள்ளே போவோம். மாவட்டம், பிரிவு, கோயிற்பற்று என்று வரிசையாக இறங்கிவந்து காணியின் பெயரில் நிற்கும் அதன் முதல் வரிகள். போர்த்துக்கேயர் தேவாலயங்களைச் சுற்றி வகுத்த கோயிற்பற்றுகள், அத்தேவாலயங்கள் இடிந்து கல்லும் எஞ்சாத ஊர்களிலும் உறுதிகளில் தொடர்ந்தன. காணிக்கு ஆளைப்போலவே பெயர் உண்டு. வளவு, கலட்டி, புலம், தோட்டம், தரவை என்று முடியும் பெயர்கள் மண்ணின் தன்மையையும் சொல்லிவிடும். கலட்டி என்றால் கல்நிலம். பொழுதெல்லாம் அலவாங்கு பிடித்து உடைத்த நிலம். அடுத்து அளவு: இத்தனை பரப்பு, இத்தனை குழி. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். வரகு விதைப்பால் அளந்த காணிக்கும் நெல் விதைப்பால் அளந்த காணிக்கும் அளவு வேறு என்பதை மறந்து பழைய உறுதிகளைக் கூட்டிப் பார்ப்பவர் பிழையான முடிவுக்கே வருவார்.

பின்னர் நான்கு எல்லைகள். கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் பெண்சாதி இன்னாரும் பங்காளரும், மேற்கு இன்னார், தெற்கு கோயிற் காணி. நொத்தாரிசின் உறுதி அயலாரை விட்டுவிடவில்லை என்று முன்னர் சொன்னேனே, அது இந்த இடத்தில்தான். காணி எங்கே முடிகிறது என்பதை அயலாரின் பெயரே தீர்மானிக்கிறது. அந்த அயலார் இறந்து, பிள்ளைகள் பங்கிட்டு, ஒருவர் மலாயாவுக்கும் இன்னொருவர் கொழும்புக்கும் போனபின்னும், அடுத்த நொத்தாரிசு பழைய உறுதியைப் பார்த்து அதே பெயரை எழுதியிருப்பார். இரண்டு தலைமுறைக்கு முன் மறைந்தவர் எல்லையில் நின்று கொண்டிருப்பார். வழக்கறிஞருக்கு இது தொல்லை. ஆய்வாளருக்கோ அரிய ஆதாரம். அடுத்தடுத்த காணிகளின் உறுதிகளைத் திரட்டி எல்லைப் பெயர்களைப் பொருத்திப் பார்த்தால், வரைபடம் வரையப்படாத காலத்து ஊரை நாமே வரைந்துவிடலாம். யார் யாருக்கு அருகில் வாழ்ந்தார், எந்தச் சாதியாருக்குக் காணி எதுவரை இருந்தது, ஒழுங்கை எப்போது தெருவானது என்பவை தெளியும்.

எல்லைக்கு அப்பால் வருவன உரிமைகள். வான்பயிர், செய்பயிர், வீடு, கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் பாத்தியம். ஆறில்லாத குடாநாட்டில் கிணறுதான் தோட்டத்தின் உயிர். காணியைப் பிரித்தாலும் கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே கிணறு பங்காகவே நின்றது. பங்கு தலைமுறைதோறும் சிறுத்தது. தண்ணீர் இறைக்கும் முறையும், வாய்க்கால் எந்த வரம்பால் போகவேண்டும் என்பதும் உறுதியில் அரைவரியாக இருக்கும். மீதி அயலாரின் நினைவில் இருக்கும். பங்குச் சண்டை நீதிமன்றம் ஏறியபோது அந்த நினைவைத்தான் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள்.

குடும்பக் கட்டுகளில் அதிகம் கிடைப்பவை சீதன உறுதிகள். யாழ்ப்பாணத்துக் காணியின் வரலாற்றைப் பெண்களின் பெயரால் தொடர முடிவது இவற்றால்தான். பாட்டியின் சீதனம் தாய்க்கு, தாயின் சீதனம் மகளுக்கு என்று நான்கு தலைமுறை ஒரே வளவில் தொடர்வதுண்டு. ஆயினும் உரிமையும் அதிகாரமும் ஒன்றல்ல. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் உரித்தும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாத ஆதனத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதனால் பெண் விற்கும் உறுதிகளில் கணவனின் கையொப்பமும் கூடவே வரும். பெண்ணின் பெயரில் காணி இருப்பதை மட்டும் பார்த்து யாழ்ப்பாணத்தில் பெண்ணுரிமை ஓங்கியிருந்தது என்று எழுதும் கட்டுரைகள், அந்த இரண்டாவது கையொப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கூட்டத்தாருக்கு உறுதியே இல்லை. தேசவழமை அடிமைகளையும் ஆதனமாகவே கணக்கிட்டது. சீதனத்தில் காணியோடும் நகையோடும் அவர்களும் கொடுக்கப்பட்டனர். இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் அவர்களின் சந்ததியார் குடியிருந்த நிலம் நெடுங்காலம் பிறர் பெயரிலேயே இருந்தது. ஆவணங்களில் அவர்கள் உரிமையாளராக வருவதற்கு முன்பு உடைமையாக வந்திருக்கிறார்கள். காணி ஆவணங்களைக் கொண்டு ஊர் வரலாறு எழுதுவோர் இதை மறைத்து எழுதுவது பெரும் அநீதி.

போர் இந்த ஆவண முறையைக் கடுமையாகச் சோதித்தது. 1990 முதல் வலிகாமம் வடக்கில் மக்கள் வெளியேற நேர்ந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமே இடம்பெயர்ந்தது. பெட்டகத்தில் இருந்த உறுதிகள் பல வீட்டோடு அழிந்தன. மூன்று இடங்களில் உறுதி வாழும் ஏற்பாடு அப்போது கைகொடுத்தது. பதிவகத்திலோ நொத்தாரிசிடமோ பிரதி தப்பியிருந்தால் அத்தாட்சிப்படுத்திய நகல் பெற முடிந்தது. ஆனால் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, மீளக் கையளிக்கப்பட்ட நிலத்துக்குப் போனவர்கள் வேலியையும் பனையையும் காணவில்லை. சில இடங்களில் கிணறும் தூர்ந்திருந்தது. வடக்கெல்லை இன்னார் என்று உறுதி சொல்கிறது. அந்த இன்னாரின் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். எழுத்து தப்பியது, அதற்குப் பொருள் கொடுத்த அயல் தப்பவில்லை.

வேறொரு சிக்கலும் எழுந்தது. 1871ஆம் ஆண்டின் ஆட்சிக்காலக் கட்டளைச் சட்டப்படி, எதிர்ப்பின்றிப் பத்து ஆண்டுகள் காணியை ஆண்டவர் உரிமை கோரலாம். இடம்பெயர்ந்தவர் எப்படி எதிர்ப்பார்? இதற்காகவே 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுவொன்றின் செயலால் தம் உரிமையை வழக்காட முடியாமற் போனவர்களுக்கு எதிராக அந்த ஆண்டுகள் கணக்கில் சேரா. ஓலை கையில் இருந்தும் ஆட்சி இல்லையேல் உரிமை இல்லை என்ற பழைய தேசவழமைச் சிந்தனையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், ஆட்சிக்கும் ஆவணத்துக்கும் இடையிலான இழுபறி இன்னும் தீரவில்லை என்பது விளங்கும்.

1998இன் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் அளவையிட்ட துண்டுக்கு அரசே உரித்தை உறுதிப்படுத்தும் முறையை நாட்டில் அறிமுகப்படுத்தியது. எல்லைத் தகராறு குறைய அது உதவும். ஆனால் எண்ணிட்ட துண்டில் காணிப் பெயர் இராது, அயலார் இரார். புதிய சான்றிதழ் வந்ததும் பழைய கட்டை எரித்துவிடும் வழக்கம் பரவினால், ஊர்களின் வரலாற்றுக்கு எஞ்சியிருக்கும் தலையாய ஆதாரம் போய்விடும்.

ஆகவே உறுதிக் கட்டு வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். பழைய உறுதிகளைக் கழிக்காதீர்கள். கட்டிலிருந்த வரிசையைக் குலைக்காமல் இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். நொத்தாரிசு குறிப்பெழுதுவது பெரும்பாலும் பின்பக்கத்தில். எல்லைகளில் வரும் பெயர்கள் யாருடையவை என்று வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டு எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைத் தொலைபேசியிலேயே செய்யலாம். அந்தப் பெயர்களை அறிந்தவர்களில் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள்.