கல்மந்தையில் பெண்கள் எடுத்த பொறுப்பு



ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டினால் திருச்சி டவுன். அங்கே கல்மந்தை என்று ஒரு குடிசைப்பகுதி. திறந்தவெளியில் யாரும் மலம் கழிக்காத பகுதி என்று 2002இல் அது அறிவிக்கப்பட்டது. குடிசைப்பகுதிகளில் இந்தியாவிலேயே இதுதான் முதலாவது என்று சொல்கிறார்கள். செய்து காட்டியது நம்மைப் போன்ற குழுப் பெண்கள்.

அதற்கு முன்னால் இருந்த பாட்டை நம்மில் பலரும் பட்டிருப்போம். குடிசையில் கழிப்பறை கட்ட இடம் ஏது? பொதுக் கழிப்பறை இருந்தாலும் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது. ஆம்பளைங்க எங்கேயாவது ஒதுங்கிவிடுவார்கள். பொம்பளைங்க இருட்டும்வரை அடக்க வேண்டும். அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் கிடந்து நீர்க்கடுப்பு வரும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு, பூச்சித் தொல்லை. அன்றாடக் கூலி டாக்டருக்கே போய்விடும்.

1987இல் ஆரம்பித்த கிராமாலயா என்ற திருச்சித் தொண்டு நிறுவனம், வாட்டர்எய்டு உதவியோடு இந்த வேலையில் இறங்கியது. மாநகராட்சியும் சம்மதிக்க, கழிப்பறையை நடத்தும் பொறுப்பு மகளிர் குழுக்களின் கைக்கு வந்தது. வாசலில் ஒரு அக்கா உட்கார்ந்து டோக்கன் கொடுப்பார். தொடக்கத்தில் ஒரு தடவைக்கு 50 காசு. முறை போட்டு மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள். சுத்தம் செய்கிறவருக்குக் கூலி, ரிப்பேர் எல்லாம் அந்தக் காசில்தான். சேமிப்புக்கும் கடனுக்கும் நோட்டு எழுதிப் பழகிய கைக்கு இந்தக் கணக்கு என்ன பெரிசா?

பெரிய கழிப்பறைக்குள் போக சின்னப் பிள்ளைகள் பயப்படும். அதுகளுக்கென்று சின்ன அளவில் தனிக் கழிப்பறையும் கட்டினார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வசதியான தெருவில் வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, பாதாளச் சாக்கடை. கூலி வேலைக்குப் போகிறவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் காசை எண்ணிக் கொடுக்க வேண்டும். காசு வாங்கியதால்தான் அந்த இடம் சுத்தமாக நின்றது, அதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கல்மந்தைக்குப் பிறகு மற்ற குடிசைப்பகுதிகளிலும் குழுக்கள் கழிப்பறைகளை ஏற்று நடத்தின. 2022இல் கிராமாலயாவைத் தொடங்கிய எஸ். தாமோதரன் அவர்களுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வாசலில் டோக்கன் கொடுத்த அக்காமாருக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் நான் சொல்வேன்.