ஈவா ஹெஸ்ஸேயும் இறப்பர்ப் பாலும்

சென்ற உரையில் மினிமலிஸம் பற்றிப் பேசினேன். உலோகப் பெட்டியையும் செங்கல்லையும் எவ்வித உணர்ச்சிக் கலப்புமின்றி அடுக்கிக் காட்டும் அம்முறை 1960களில் நியூ யோர்க்கில் ஓங்கி நின்றது. அந்த ஒழுங்கை ஏற்றுக்கொண்டே அதனை உள்ளிருந்து குலைத்தவர்களுள் முக்கியமானவர் ஈவா ஹெஸ்ஸே என்ற பெண் சிற்பி.

1936இல் ஹம்பேர்க் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். நாஸிகளுக்குத் தப்புவிக்க, 1938 டிசம்பரில் அக்காவுடன் ரயிலேற்றி ஒல்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அப்போது மூன்று வயது நிறையவில்லை. பின்னர் பெற்றோருடன் சேர்ந்து 1939இல் நியூ யோர்க்கை அடைந்தார். பத்து வயதில் தாயாரைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார்.

யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் அல்பேர்ஸிடம் பயின்று 1959இல் வெளியேறியபோது அவர் ஓவியரே. 1964இல் சிற்பியான கணவர் டொம் டொயிலுடன் ஜேர்மனியின் கெட்விக் என்ற ஊரில், கைவிடப்பட்ட நெசவாலையொன்றில் தங்கி வேலைசெய்ய நேர்ந்தது. குழந்தையாகத் தப்பியோடிய அதே நாடு! அங்கு கிடந்த கயிறுகளையும் இயந்திரத் துண்டுகளையும் பலகையிற் பொருத்தத் தொடங்கினார். ஓவியம் சுவரைவிட்டு வெளியே நீண்டது.

1967 அளவில் இறப்பர்ப் பாலுக்கு வந்தார். களுத்துறை, கேகாலைப் பக்கத்து வாசகர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. காற்றும் வெளிச்சமும் பட்டால் இறப்பர் பழுப்பேறி, விறைத்து, வெடிக்கும். ஹெஸ்ஸேக்கும் இது தெரியும். காசு கொடுத்து வாங்குபவர்களை நினைத்து மனம் உறுத்தியதாக 1970இல் சிண்டி நெம்சருக்கு அளித்த பேட்டியிற் சொன்னார். ஆனாலும் அதைக் கைவிடவில்லை. மெல்லிய துணியில் இறப்பர்ப் பால் பூசி, இரு முனைகளிலும் கண்ணாடி இழை சேர்த்து, எட்டுத் திரைகளாகத் தொங்கவிட்ட 'கொன்டின்ஜென்ட்' (1969) இன்று கன்பராவில் உள்ளது. மூளைக் கட்டியால் 1970 மே 29இல் இறந்தபோது அவருக்கு வயது 34.

நூல்களுக்கு வருவோம். 'போஸ்ட்மினிமலிஸம்' என்ற சொல்லை ரொபேட் பின்கஸ்-விற்றன் 1971இல் ஹெஸ்ஸே பற்றிய கட்டுரையிலேயே கையாண்டார்; 1977இல் அதுவே அவரது நூலின் தலைப்பாயிற்று. சொல் நிலைத்துவிட்டது என்பது உண்மை. ஆயினும் லூசி லிப்பார்ட் 1976இல் வெளியிட்ட 'ஈவா ஹெஸ்ஸே'தான் என் தெரிவு. தோழியைப் பற்றி எழுதுபவர் கண்ணீரில் வழுக்கி விழுவது எளிது. லிப்பார்ட் விழவில்லை. பொருள், அளவு, செய்முறை என்று கைவேலைக்கே திரும்பத் திரும்ப வருகிறார். ஹெஸ்ஸேயின் நாட்குறிப்புகள் 2016இல் அச்சேறிய பின்னர், துயரத்தை மட்டும் வாசித்துவிட்டுச் சிற்பத்தைப் பாராதவர்கள் பெருகக்கூடும் என்பது என் அச்சம்.

உதிரும் படைப்பை என்ன செய்வது? புதிதாகச் செய்து வைக்கலாமா, களஞ்சிய அறையிற் பூட்டுவதா என நூதனசாலையினர் நெடுங்காலமாக விவாதிக்கின்றனர். குகன்ஹைம் நூதனசாலை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் காட்சிக்கு வைக்காதிருந்த 'எக்ஸ்பான்டட் எக்ஸ்பான்ஷன்' என்ற படைப்பைச் செப்பனிட்டு, 2022இல் வெளியே கொண்டுவந்தது. செய்தபோதிருந்த நெகிழ்வு அதில் இல்லை. பழுப்பேறி விறைத்த திரைகளே சுவரிற் சாய்ந்து நின்றன.