கண்காணி

சுரண்டை காய்கறிச் சந்தைப் பக்கம் "இவ்விடம் கேமரா கண்காணிப்பில் உள்ளது" என்ற பலகை இன்று யாரையும் உறுத்துவதில்லை. கண்ணும் காணலும் சேர்ந்த இச்சொல் பழையது. சோழர் கல்வெட்டுகளில் கண்காணி என்பவர் மேற்பார்க்கும் அலுவலர். திருமந்திரத்திலோ எங்கும் நிறைந்த இறைவன். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் அது கங்காணி என்று திரிந்தது. ஊரில் ஆள் திரட்டி, முன்பணக் கடனில் கட்டிப்போட்டு, தோட்டத்தில் வேலையும் வாங்கியவர் அவர்.

ஆக, கண்காணி என்றால் ஓர் ஆள் (அல்லது கடவுள்). கண்காணிப்பு என்னும்போது ஆள் மறைந்து செயல் மட்டும் நிற்கிறது. கங்காணி எவ்வளவு கொடியவரானாலும் அவர் யாரென்று கூலிக்காரருக்குத் தெரியும். கேமராவுக்கும், இருப்பிடம் கேட்கும் கைபேசிச் செயலிக்கும் பின்னால் பார்ப்பவர் யார், பதிவு எத்தனை நாள் இருக்கும் என்பது தெரிவதில்லை. திருடனைப் பிடிக்கத்தானே, மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்பார்கள். கேமரா துப்புக் கொடுப்பது மெய்தான். ஆனால் 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முகமறியும் தளத்துக்குள்ளேயே ஊடுருவல் நடந்தது. கனம் நம் மடியில் இல்லை, சேர்த்து வைத்தவர் மடியில். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. பலகையில் பொறுப்பாளர் பெயரையும் பதிவின் ஆயுளையும் எழுதச் சொல்வது பெரிய கோரிக்கையல்ல.